விளையாட்டின் கதை - 12: தோட்டாவுக்குப் பதில் பஞ்சு

திரையில் ஒரு பெண் ஓடுகிறாள். பழைய வீடியோ கேம்களில் பார்த்த அதே கட்டம் கட்டமான உருவம். எதிரே ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். குறி பார்த்து எறிகிறாள். பட்டதும் ஆள் காலி. இதுவரை எல்லாம் நாம் அறிந்த சுடும் விளையாட்டுதான். ஆனால் அவள் கையில் துப்பாக்கி இல்லை. அவள் எறிவது டாம்பன். மாதவிடாய் நாட்களில் பெண்கள் உடலுக்குள் வைத்துக்கொள்ளும் பஞ்சுச் சுருள்.

இந்த விளையாட்டின் பெயர் 'டாம்பன் ரன்'. 2014இல் இதை உருவாக்கியவர்கள் ஆண்ட்ரியா கோன்சாலஸ், சோஃபி ஹவுசர் என்ற இரண்டு நியூயார்க் உயர்நிலைப் பள்ளி மாணவிகள். 'கேர்ள்ஸ் ஹூ கோட்' அமைப்பின் கோடைகால வகுப்பில்தான் இருவருக்கும் அறிமுகம். பெண் பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தர ரேஷ்மா சௌஜானி 2012இல் தொடங்கிய அமைப்பு அது. அதற்கான தேவை பெரிதாகவே இருந்தது. அமெரிக்காவில் 1984இல் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் ஏறக்குறைய 37 சதவீதம். முப்பது ஆண்டுகளில் அது 18 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. எண்பதுகளில் வீட்டுக் கணினியைப் பையன்களின் பொருளாகவே விளம்பரம் செய்தது இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள்.

வகுப்பு முடியும்போது குழுக்களாகச் சேர்ந்து ஏதாவது செய்து காட்ட வேண்டும். வீடியோ கேம்களில் பெண்களை வெறும் கவர்ச்சிப் பொம்மையாகக் காட்டுவதைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டும் என்பது ஆண்ட்ரியாவின் எண்ணம். பேச்சுவாக்கில், டாம்பனை எறிகிற மாதிரி ஒரு விளையாட்டு செய்யலாமே என்று சோஃபி வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். இருவரும் அந்த வேடிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

என்னைக் கவர்ந்தது அந்த விளையாட்டின் விதிதான். எதிரி மேலே மோதினால் அந்தப் பெண்ணுக்கு அடிபடாது, உயிரும் போகாது. அவளிடமிருக்கும் டாம்பன்களைப் பறித்துக்கொண்டு போய்விடுவான். வழியில் வரும் பெட்டிகளைச் சேகரித்து இருப்பை நிரப்பிக்கொள்ள வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது பையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்து பதறிய எந்தப் பெண்ணுக்கும் இந்தத் தோல்வியை விளக்க வேண்டியதில்லை. சொற்பொழிவே இல்லாமல், ஒரே ஒரு விதியில் அந்தப் பதற்றத்தை விளையாடுபவரின் கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பையன்களின் கைக்குள்ளும்தான்!

பறிமுதல் என்பதும் வெறும் கற்பனை அல்ல. 2013 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தின் செனட் சபையில், கருக்கலைப்புக்குக் கடும் கட்டுப்பாடு விதிக்கும் மசோதா மீது விவாதம். பார்வையாளர் மாடத்துக்கு வந்த பெண்களின் பைகளைச் சோதித்த காவலர்கள், உறுப்பினர்கள் மீது எறியக்கூடும் என்று சொல்லி டாம்பன்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு அதே கட்டிடத்துக்குள் நுழையத் தடையில்லை. கொதிப்பு கிளம்பிய பிறகுதான் டாம்பன் தடையைக் கைவிட்டார்கள். துப்பாக்கியும் ரத்தமும் வீடியோ கேமில் சகஜமாகிவிட்ட சமூகத்தில் மாதவிடாயை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லையே என்று அந்த மாணவிகள் கேட்டது எவ்வளவு நியாயம்!

2014 செப்டம்பரில் இணையத்தில் வெளியானதும் விளையாட்டு வேகமாகப் பரவியது. வீடியோ கேம் துறையில் பேசத் துணிந்த பெண்களை இணையத்தில் கும்பலாக மிரட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தச் சூழலில் பள்ளிப் பிள்ளைகள் இருவர் சொந்தப் பெயரோடு முன்னால் வந்து நின்றதை நான் பெரிய துணிச்சலாகவே மதிக்கிறேன். அடுத்த ஆண்டு கைபேசிச் செயலி வந்தது. 2017இல் இருவரும் சேர்ந்து 'கேர்ள் கோட்' என்ற புத்தகமும் எழுதினார்கள்.

இதற்கிடையே 2016இல் நியூயார்க் நகரம் பொதுப் பள்ளிகள், காப்பகங்கள், சிறைகளில் டாம்பனையும் நாப்கினையும் இலவசமாக வழங்கச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான்.

நம் மருந்துக் கடைகளில் நாப்கினை இன்னும் செய்தித்தாளில் சுற்றித்தான் தருகிறார்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில், அவசரத்துக்குக் கேட்டால் கிடைக்கும் இடத்தில் நாப்கின் வைத்திருக்கிறார்களா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அப்பாக்கள் கேட்டால் இன்னும் நல்லது.

(தொடரும்)