லயத்துப் பக்கம் ஒரு தேனீப் பெட்டி

நோட்டன் பிரிட்ஜைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தேனீ வளர்ப்பைப் பற்றி நாம் பேச்செடுத்தால் முதலில் எழுவது தேனைப் பற்றிய கேள்வியல்ல. "குளவியைக் கொண்டுவந்து லயத்திலேயே வைக்கச் சொல்கிறீர்களா, சுவாமி?" என்பதுதான். இதைக் கேலியாக எவரும் கேட்பதில்லை. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது குளவி கலைந்து, கூடையைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டு உயிரோடு திரும்பாதவர்களும் உண்டு. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பெட்டியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

நம்மவர்கள் குளவி என்று ஒரே பெயரில் சொல்வது பல பூச்சிகளை. உயரமான மரக் கிளையிலும், பாறை விளிம்பிலும், தொழிற்சாலைக் கூரைக்கு அடியிலும் ஒரே ஒரு பெரிய வதையைத் திறந்த வெளியில் தொங்கவிட்டு வாழ்வது மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா. தொழிலாளர்களைக் கூட்டமாகத் துரத்திக் கொட்டுவது பெரும்பாலும் இதுதான். இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது, முயலவும் கூடாது. தெபரா என்னும் உண்மையான குளவி வேறு. அது தேன் சேர்ப்பதே இல்லை. நாம் பெட்டியில் வைப்பது இவை இரண்டுமல்லாத பொந்துத் தேனீ. மரப் பொந்திலும் கற்சுவர் இடுக்கிலும், இருட்டில், பல வதைகளை அடுத்தடுத்துக் கட்டி வாழ்கின்ற சிறிய தேனீ இது. தன் பெட்டியை அசைத்தால், நசுக்கினால் கொட்டும். வழியில் போகிறவரைத் தேடிப் போய்க் கொட்டாது.

கொட்டினால் என்ன செய்வது? கொடுக்கு தோலில் நின்றுவிடும். அதிலிருந்து விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டுவதா, பிடுங்குவதா என்று யோசித்து நிற்க வேண்டாம். உடனே எடுப்பதுதான் முக்கியம். கொட்டிய இடத்தில் கிளம்பும் வாசனை மற்றத் தேனீக்களையும் அழைக்கும். ஆகவே அந்த இடத்தில் புகை காட்டிவிட்டு விலகிச் செல்லுங்கள். வீக்கமும் அரிப்பும் சில நாட்களில் தணியும். ஆனால் கொட்டிய சில நிமிடங்களுக்குள் உடல் முழுவதும் தடிப்பு, நாக்கு அல்லது முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் என்பன வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கக் கூடாது. கிடைத்த வாகனத்தில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முன்பு ஒருமுறை அப்படி ஏற்பட்டவர் தேனீ வளர்க்கவே வேண்டாம். அவருக்கு ஆட்டுக்குட்டி வாங்கிக் கொடுக்கலாம்.

இனி இடம். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையில் இருப்பது ஒரு சுவர் மாத்திரமே. இஸ்தோப்பில் பெட்டி வைக்க முடியாது. காய்கறித் தோட்டத்தின் கடைசி மூலையில், காலை வெயில் படும் இடத்தில், பிள்ளைகள் விளையாடும் பக்கமும் பீலிக்குப் போகும் பாதையும் இல்லாத திசையை வாசல் பார்க்கும்படி வையுங்கள். வாசலுக்கு எதிரே ஆளுயர வேலி இருந்தால் தேனீக்கள் மேலெழும்பிப் பறக்கும். நம் தலையில் மோதாது. பெட்டியை வைக்குமுன் அடுத்த வீட்டாரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் சொல்லிவிடுங்கள். நிலம் தோட்டத்தினுடையது என்பதை நாம் மறந்தாலும் மற்றவர்கள் மறப்பதில்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது. ஏழு பேர்ச் காணி கிடைக்காதவருக்கும் பெட்டி சொந்தம். எழுப்பி விட்டால் தூக்கிக்கொண்டு போகலாம்.

தேனீயை எங்கே வாங்குவது என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் வாங்க வேண்டியதில்லை. பழைய மெழுகை உள்ளே தேய்த்த மண்பானையைக் கூரை ஓரத்தில் அல்லது மரத்தில் கவிழ்த்துக் கட்டி வைத்தால், பிரிந்து வரும் கூட்டம் தானே குடியேறக்கூடும். இலங்கைக் கிராமங்களில் இது பழைய வழக்கம். பொந்தில் உள்ள கூட்டை எடுப்பதானால் மாலையில் போங்கள். புழு உள்ள வதைகளை வெட்டி, பெட்டியின் சட்டங்களில் வாழைநாரால் கட்டி, இராணி உள்ளே போனதை உறுதி செய்துகொள்ளுங்கள். இராணி நுழைய முடியாத சிறு இடுக்குத் தகடு ஒன்றைச் சில நாட்களுக்கு வாசலில் பொருத்தினால் கூட்டம் ஓடிப்போகாது. தேனுக்காகப் பொந்தைத் தீயிட்டுக் கொளுத்துகிற பழக்கத்தை இனியாவது விட்டுவிட வேண்டும்.

முடிந்தால் இரண்டு பெட்டிகளோடு தொடங்குங்கள். ஒன்றில் இராணி இறந்துவிட்டால், மற்றதிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைக்கலாம். அதிலிருந்து அவை புதிய இராணியை உருவாக்கிக்கொள்ளும்.

நாம் இன்று பயன்படுத்தும் சிறிய சட்டப் பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். 1911 முதல் 1917 வரை திருச்சிராப்பள்ளிப் பகுதியில் கிராமத்தவருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்த நியூட்டன் அடிகளார் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கேற்ப அமைத்தது அது. பெரிய இத்தாலியத் தேனீயின் பெட்டி இதற்கு ஒத்துவராது. அந்தத் தேனீ இலங்கையில் நிலைபெறவும் இல்லை. தொலைபேசியில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வேலை செய்கின்ற இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே சொல்லப்படுவதில் பாதி வேறொரு தேனீக்குரியது.

மழையும் சீனியும்

நம் பகுதியின் உண்மையான சிக்கல் கொட்டுவது அல்ல, மழை. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் சேர்ந்தது. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விட்டுவிட்டுக் கொட்டும். தேனீ நாட்கணக்கில் வெளியே போக முடியாது. போனாலும் பூவில் தேன் கழுவுண்டு போயிருக்கும். சுற்றிலும் பச்சையாகத்தானே இருக்கிறது என்று சிலர் வாதாடுவார்கள். அந்தப் பச்சை தேயிலை. கொழுந்தை ஓயாமல் பறிப்பதால் செடி பூக்க இடமில்லை. தேனீக்கு உணவு கொடுப்பது கிரவிலியா, டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ், கொய்யா, கோப்பி, பூசணி, பாதையோரக் காட்டுச் சூரியகாந்தி, மலையில் முளைக்கும் களைப் பூக்கள் ஆகியவையே. களைநாசினி அடித்த மலையில் அந்தக் கடைசிப் பூவும் இல்லை. கிளைபோசேற் 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதை நாம் அறிவோம். அது தேனீயை நேராகக் கொல்வதைவிட அதன் சாப்பாட்டைப் பறிப்பதுதான் அதிகம்.

பசித்த பொந்துத் தேனீ இருந்து சாவதில்லை. பெட்டியை விட்டுப் போய்விடும். "நன்றாக இருந்தது சுவாமி, காலையில் பார்த்தால் வெறும் பெட்டி" என்று ஆகஸ்ட் மாதத்தில் சொல்லப்படுவதன் காரணம் அநேகமாக இதுவே. ஒரு தம்ளர் சீனிக்கு ஒரு தம்ளர் கொதித்தாறிய நீர் கலந்து, மூழ்காதிருக்கக் குச்சிகள் போட்டு, மாலை வேளையில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தினால் எறும்பும் அயல் கூட்டமும் வரும். கருப்பட்டியும் கித்துள் பாணியும் வேண்டாம். அவற்றால் தேனீக்கு வயிற்றோட்டம் வரும். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை என்றாலும் பதினாறு வாரத்துக்கு நான்கு முதல் எட்டுக் கிலோ சீனி! பிள்ளைகளுக்கு வெறுந்தேநீர் கொடுக்கும் வீட்டில் தேனீக்குச் சீனி கரை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆகவே மழைக்கு முன் தேன் எடுக்கும்போது எல்லாவற்றையும் வழித்தெடுக்காமல், இரண்டு சட்டத் தேனையாவது அதற்கே விட்டுவிடுவதுதான் மலிவான வழி.

மழையில் பலங்குறைந்த பெட்டிக்குள் மெழுகுப் பூச்சி புகும். அடிப்பலகையில் சேரும் மெழுகுத் தூளை வாரம் ஒருமுறை துடைத்தெடுங்கள். தேனீ மூடாத பழைய வதைகளை வெளியே எடுத்துவிடுங்கள். எறும்புக்குத் தாங்கிக் கால்களைத் தண்ணீர் நிரப்பிய தகரப் பேணிகளில் நிறுத்தினால் போதும்.

புதியவர்களை வீணாகப் பயமுறுத்தும் இரண்டு விடயங்கள். பெட்டியைத் தட்டினால் உள்ளே சீறுகிற சத்தம் கேட்கும். பாம்பல்ல; இந்தத் தேனீ கூட்டாக எழுப்பும் ஒலி. அடுத்து, சில அறைகளின் கூம்பிய மூடியில் ஊசி குத்தியது போல் ஒரு துளை இருக்கும். நோயோ பூச்சியோ அல்ல. அது ஆண் தேனீ வளரும் அறை. மாறாக, புழுக்கள் நீர் நிறைந்த பைபோல் ஊதி இறந்து கிடந்தால் அது வைரஸ் நோய். 1991 முதல் தென்னிந்தியாவில் இந்நோய் பெருவாரியான கூடுகளை அழித்தது. மார்த்தாண்டத்துத் தேன் தொழிலும் அப்போது ஆட்டங்கண்டது. எனவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய வதையையும் பெட்டியையும் வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கடைசியில் வைத்தோம், ஏனெனில் பலர் அதிலேயே தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். நம் தேனீ ஒரு பெட்டியில் ஆண்டுக்குத் தருவது சில கிலோ; முதல் ஆண்டில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். சம்பளத்துக்குப் பதிலாகாது. பாடசாலைக் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உதவும். 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தல் நிறையத் தேன் ஊற்றினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். நிறைக்கு விற்பவரும் போத்தலுக்கு விற்பவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். அறைகளில் நான்கில் மூன்று பங்காவது மெழுகால் மூடப்பட்ட பின்பே எடுங்கள். நீர்த்தன்மை மிகுந்த தேன் நம் ஈரக் காற்றில் சீக்கிரம் புளித்து, மூடியைத் தள்ளும்.

நாய் நக்காது, தீக்குச்சி எரியும், தாளில் ஊறாது என்ற சோதனைகளால் நல்ல தேனை நிச்சயிக்க முடியாது. தேன் உறைந்து சீனிபோல் ஆவதும் கலப்படத்தின் அடையாளமல்ல. இளஞ்சூடான நீரில் போத்தலை வைத்தால் இளகும். வாங்குகிறவருக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது. பிறந்த பிள்ளைக்கு நாவில் தொட்டு வைப்பதும் இதில் அடங்கும். சுத்தமான தேனிலும் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் குடலில் வளர்ந்து கைகால்களைத் தளரச் செய்யும்; மூச்சையும் நிறுத்தக்கூடும். போத்தலில் ஒட்டும் தாளில் உங்கள் தோட்டத்தின் பெயருக்குக் கீழே இதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவிடுங்கள்.