ஏரிக்கு ஒரு நாள்



பிட்டுக்கு மண் சுமந்த கதையை அறியாதார் நம்முள் இலர். வையையில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்கவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கு அனுப்ப ஆள் இல்லை. இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, வேலையைச் செய்யாமல் ஆடிப்பாடி நின்றான். அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும், ஊரார் முதுகிலும், எல்லா உயிர்களின் மேலும் பட்டது. அன்பர்கள் இக்கதையில் இறைவனுடைய எளிமையைக் கண்டு உருகுவர். பள்ளி ஆசிரியனாக வாழ்ந்த நான் அதனோடு வேறொன்றையும் இதில் காண்கிறேன். கரை பொதுவானது, அதில் ஒருவருடைய பங்கு அடைபடாமல் கிடந்தால் அதன் அடி எல்லார்க்கும் விழும்.

கூலி கருதாமல் ஒரு நாள் உழைப்பை, பழுதுபட்ட நிலத்துக்கும் நீர்நிலைக்கும் கொடுக்கும் தொண்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இதனைச் சிரமதானம் என்றும் உழைப்புக் கொடை என்றும் வழங்குவர். இத்தொண்டை எவ்வாறு செய்வது, எங்கே தவறிவிடுகிறோம் என்பவற்றை நம் ஊர் ஏரியையே சான்றாக வைத்து விளக்க முயல்வேன்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பது அரசின் கணக்கு. ஏரி என்றவுடன் நீர் நிறைந்த பரப்பு ஒன்றே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. உண்மையில் ஏரி பல உறுப்புகளை உடைய ஓர் உடம்பு. மழைநீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். அது வந்து தங்கும் இடம் உள்வாய். அதைத் தாங்கி நிற்பது கரை. வயலுக்கு அளந்து விடுவது மதகு. மிகுந்த நீரைக் கரைக்குத் தீங்கின்றி வெளியே அனுப்புவது கலிங்கு. அந்நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டு சேர்ப்பது போக்குக்கால். இவ்வுறுப்புகளுள் ஒன்று அடைபட்டாலும் உடம்பு முழுவதும் நோய்ப்படும். வரத்துக்கால் தூர்ந்தால் மழை பெய்தும் ஏரி வறளும். கலிங்கு அடைபட்டால் அதே மழையில் கரை உடையும். வறட்சியும் வெள்ளமும் ஒரே புறக்கணிப்பின் இரண்டு முகங்கள் ஆகும்.

இவ்வுடம்பைப் பேணும் முறைகளை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியம் என்றொரு குழுவையே குறிப்பிடுகின்றன. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரால், ஊரார் ஆண்டுதோறும் கோடையில் கூடி வண்டலை அள்ளி, வாய்க்காலைத் திருத்தி, கரையை உயர்த்தினர். அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சி அவ்வழக்கத்தை 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தில் எழுதி வைத்தது. ஆயினும் வரி வாங்கும் முறை மாறியது. பெரிய ஏரிகள் அரசுத் துறையின் கைக்குச் சென்றன. பின்னர்க் கிணறும் மின்சார இறைவையும் பெருகின. தன் கிணற்றில் நீர் கண்டவன் பொது ஏரியை மறந்தான்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. பழைய முறையில் எல்லாரும் சமமாக உழைத்துச் சமமாக நீர் பெற்றனர் என்று சொல்வது பொருந்தாது. பல ஊர்களில் நீரின் பயன் நிலமுடையார்க்கும், மண் சுமக்கும் பாரம் நிலமற்றார்க்கும் ஆயிற்று. ஆகவே நாம் மீட்க வேண்டுவது அக்கட்டாயத்தை அன்று; ஊர் கூடும் பழக்கத்தையே மீட்க வேண்டும். விருப்பத்தோடு வருபவனே தொண்டன்.

இனி, ஏரியை இன்று அழிப்பதில் முன்னிற்கும் ஒரு மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது சீமைக் கருவேலம். மெக்சிகோவும் தென்னமெரிக்காவும் அதன் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று கருதி, 1950களிலும் 1960களிலும் நம் வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. காற்றின் ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடுகிறது என்று சொல்வாரும் உளர். அத்தகைய மிகைக் கூற்று நமக்கு வேண்டா. மெய்யான தீங்கே போதுமானது. ஏரியின் உள்வாயில் அது அடர்ந்து நீர் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாய்க்காலை முள்ளால் அடைக்கிறது. நாட்டு மரங்களின் கன்றுகள் தலையெடுக்க விடுவதில்லை. அதன் நெற்று இனிப்பானது. ஆடு மாடுகள் அதனை விரும்பித் தின்னும். வன்மையான தோலுடைய விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிப்பட்டு, சென்ற இடமெல்லாம் முளைக்கும். 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்ற ஆணையிட்டதும், 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வகுத்ததும் நேயர்கள் அறிந்தவையே.

இம்மரத்தோடு நான் தொடுத்த முதற்போரில் தோற்றுப்போனேன். அத்தோல்வியைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை கூறுவது முறையாகாது. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றை ஊர் ஏரியில் நடத்தினோம். ஏறக்குறைய எண்பது மாணவர்கள் அரிவாளும் கோடரியும் ஏந்தி, உள்வாயில் பாதியை ஒரே வாரத்தில் வெட்டித் தள்ளினர். நிழற்படம் எடுத்தோம், பாராட்டுக் கூட்டம் நடந்தது, நானும் மாலை சூடினேன். அடுத்த ஆண்டு மழைக்குப் பின் சென்று பார்த்தபோது திகைத்தேன். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டுகள் கிளைத்து, முன்னிலும் அடர்த்தியாய்க் காடு எழுந்திருந்தது. எங்கள் ஊரில் மதகு திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி ஒருவர், வயதானவர், என் அருகில் வந்தார்.

“வாத்தியார் ஐயா, நீங்கள் அதை வெட்டவில்லை. அதற்கு முடி வெட்டிவிட்டீர்கள். இனி நன்றாக வளரும்” என்றார்.

முப்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கு அன்று அவர் ஆசிரியர் ஆனார். அம்மரத்தின் உயிர் அடிமரத்தில் இல்லை. நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே வேரும் தண்டும் கூடும் வேர்த்தலையில் இருக்கிறது. உறங்கும் மொட்டுகள் அங்கே உள்ளன. மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். ஆகவே கடப்பாரை கொண்டு இரண்டு சாண் ஆழமேனும் தோண்டி, வேர்த்தலையைப் பெயர்த்து எடுக்கவேண்டும். சிறு கன்றுகளை மழை பெய்த மறுநாள், மண் நெகிழ்ந்திருக்கும்போது, வேரோடு பிடுங்கலாம். பெருமரத்துக்கு இயந்திரம் வேண்டும். கன்றுக்குக் கையே போதும். தொண்டர்களின் பெரும்பயன் இக்கன்று பிடுங்கும் வேலையிலேதான் உள்ளது.

மற்றொரு தவற்றையும் அம்முகாமில் செய்தோம். அம்முட்காட்டில் விறகு பொறுக்கி அடுப்பெரித்த ஏழைப் பெண்கள் பலர். அவர்களை நாங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “உங்களுக்குப் படம், எங்களுக்கு அடுப்பு” என்று ஒருத்தி சொன்ன சொல் இன்னும் என் செவியில் நிற்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் இம்மரத்தைக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்களும் பல. ஆதலால் ஒரே மூச்சில் அழிப்பதைவிட, முதலில் வரத்துக்கால், அடுத்துக் கலிங்கு, பின்னர் உள்வாய் என்று பகுதி பகுதியாகச் செய்து, வெட்டிய விறகை அவ்வேழைகளுக்கே கொடுப்பது அறமும் ஆகும், அறிவும் ஆகும். இம்முறையைப் பின்பற்றிய பிறகு, எங்களைக் கடிந்த அப்பெண்ணே கடப்பாரை பிடிக்க வந்தார்.

அகற்றுவது பாதி வேலை. அதன்பின் அங்கே எது இருக்கவேண்டும் என்பது மறுபாதி. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரமும் பறவையும் இவை என்று கண்டவர் தமிழர். அவ்வறிவை மறந்து, வெற்றிடம் கண்டவிடமெல்லாம் ஏதேனும் ஒரு கன்றை நட்டுவிடுதல் தகாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் இயற்கையான புல்வெளிகளைத் தரிசு என்று எண்ணி, சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டனர். இன்று அப்புல்வெளியை மீட்க அம்மரங்களைப் பிடுங்கிக்கொண்டிருக்கின்றனர். புல்லும் ஒரு காடே என்பதை உணரச் சில தலைமுறைகள் ஆயின.

ஏரிக்கு வருவோம். கரைக்கு ஏற்றது பனை. அதன் சல்லி வேர்கள் மண்ணைக் கட்டிப் பிடிக்கும். பருவமழைக்கு முன் விதையை ஊன்றிவிட்டால் பெரிதாகப் பேணவேண்டுவதில்லை. ஆனால் பொறுமை வேண்டும். பாளை விடப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். உள்வாயின் ஓரத்துக்கு நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் ஏற்றவை. நீரில் நின்றாலும் அழியா. பறவைக்குக் கூடு தரும். வேடந்தாங்கலில் நிகழ்வது இதுவே. பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூரார் 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பாரிடம் பெற்றனர். அவ்வூரார் பறவைகளைக் காத்ததற்கு அன்பு மட்டும் காரணம் அன்று. எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரம் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். இன்று அவ்வேரி உலகம் மதிக்கும் ராம்சர் ஈரநிலங்களுள் ஒன்று. அச்சிறப்பு 2022இல் கிடைத்தது.

இனி வேலைநாளை நடத்தும் முறையைச் சுருங்கச் சொல்வேன். முதலாவது அனுமதி. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய ஏரி ஊராட்சி ஒன்றியத்தைச் சேரும். பெரியது நீர்வளத் துறையைச் சேரும். உரியவரைக் கேளாமல் ஒரு மரத்திலும் கை வைத்தலாகாது. இரண்டாவது காலம். பறவை கூடு கட்டும் மாதங்களில் உள்வாய் மரங்களை அணுகவேண்டா. மண் வேலையைக் கோடையில் முடித்துக்கொள்க. காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்துக. மூன்றாவது காப்பு. சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைக்கும். கனத்த காலணி வேண்டும். புதரில் கை விடுமுன் கோலால் தட்டுக. விரியன் அங்கே உறங்கும். நான்காவது வேலைப் பங்கீடு. இளைஞர் தோண்டட்டும், சிறுவர் கன்று பிடுங்கட்டும், என்போன்ற முதியோர் கருவிகளை எண்ணி வைத்து, மோர் ஊற்றிக் கொடுக்கலாம். எவரும் வீணாக நிற்கும்படி அழைக்கலாகாது; வேலையின்றி நின்றவர் மறுமுறை வாரார்.

ஐந்தாவதும் முதன்மையானதும் மீண்டும் வருதல். மண்ணில் கிடக்கும் விதைகள் ஆண்டுக்கணக்கில் உறங்கி, மழைக்கு மழை முளைக்கும். எண்பது பேர் ஒரு வாரம் உழைத்து எங்களால் இயலாததை, பின்னாளில் பதினான்கு பேர் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் சென்று இயற்றினோம். வரத்துக்கால் இப்போது திறந்திருக்கிறது. கலிங்கில் நீர் ஓடும் ஓசையைக் கேட்டேன். மேற்குப் பகுதி இன்னும் முட்காடாகவே இருக்கிறது. அதற்கு இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். நீர்க்கட்டிப் பெரியவர் இப்போது இல்லை. அவர் காட்டிய இடத்தில் ஊன்றிய பனைகள் என் இடுப்பளவு நிற்கின்றன.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பல குளங்கள் உடைந்து ஊர்கள் மூழ்கின. அத்தகைய பெருமழையை எந்தக் கரையும் தாங்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் அடைபட்ட வாய்க்காலும் மெலிந்த கரையும் சிறுமழையைக்கூடப் பேரிடராக்கும் என்பதில் ஐயமில்லை. உடைந்தபின் மணல் மூட்டை சுமக்க ஊர் திரண்டு வருகிறது. உடையுமுன் வருவதற்கே ஆள் குறைவு.

உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ குளமோ ஊருணியோ இருக்கும். இந்த ஞாயிறு காலையில் அதன் கரைமேல் ஒருமுறை நடந்து பாருங்கள். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, கலிங்கு எங்கே உள்ளது என்று ஊரில் மூத்தவர் ஒருவரைக் கேளுங்கள். திரும்பும்போது வழியில் நிற்கும் கன்று ஒன்றை வேரோடு பிடுங்குங்கள். அடுத்த மாதம் மீண்டும் செல்லுங்கள். உடன் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். வந்தியின் பங்குக்கு இறைவன் வந்தான். நம் பங்குக்கு நாமே செல்லவேண்டும்.