அமிக்டலா இல்லாதவரும் அலறினார்

பாம்பு பிடிக்காது என்று வாயால் சொன்னவர்தான். ஆனால் கடைக்குக் கூட்டிப்போனதும் பாம்பைக் கையில் வாங்கிச் செதில்களைத் தடவினார், நீட்டிய நாக்கைத் தொட்டுப் பார்த்தார். ஆபத்தான பெரிய பாம்புகளையும் தொடலாமா என்று கடைக்காரரை நச்சரித்தார். கென்டக்கியில் பேய் வீடாக மாற்றப்பட்ட பழைய காசநோய் மருத்துவமனையில், பேய் வேடம் போட்டவரையே சீண்டி மிரள வைத்தார்.

அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'எஸ்.எம்.' என்று மட்டும் குறிப்பிடும் இந்தப் பெண்ணுக்கு அர்பாக்-வீத்தே என்ற அரிய மரபணு நோய். மூளையின் இருபுறமும் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா அவருக்குச் சிதைந்துவிட்டது. 2011இல் இந்த விவரங்கள் வெளியானதும், பயத்தின் இருப்பிடம் அமிக்டலாதான் என்ற பேச்சு இன்னும் பலமானது.

2013இல் அந்தப் பேச்சு ஆட்டம் கண்டது. 35 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை முகமூடி வழியாக ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். எஸ்.எம். மூச்சுத் திணறி, முகமூடியை நோக்கிக் கையை ஆட்டி, காப்பாற்றும்படி அலறினார். அதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகளுக்கும் அதே கதி. அமிக்டலா நன்றாக இருந்த 12 பேரில் மூவர்தான் இப்படிப் பதறினார்கள் என்பது வேடிக்கை!

பாம்பு கண் வழியாக வரும் ஆபத்து. அதை எடைபோட அமிக்டலா வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் ரத்தத்தின் அமிலத்தன்மை கூடும். மூளைத்தண்டே அதை உணர்ந்துவிடும். அமிக்டலா உள்ளவர்களில் பலர் பதறாததால், பதற்றத்தை அடக்குவதிலும் அதற்குப் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பதற்றக் கோளாறு உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்தால், சராசரியாக அமிக்டலாவும் இன்சுலா என்ற மூளைப் பகுதியும் கூடுதலாகத் துடிப்பது தெரியும்; நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி அவற்றை அடக்குவதில் தடுமாறுவதும் தெரியும். ஆனால் அது கூட்டத்தின் சராசரி. தனி ஒருவரின் படத்தை வைத்து 'இவருக்குப் பதற்றக் கோளாறு' என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.

ஆகவே, படபடப்புக்குக் காரணம் தேடி நீங்களாகவே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் இதயத்தையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே அறிகுறிகள் வரும். அங்கே கோளாறில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் உங்களிடம் கேட்டுத்தான் நோயைக் கண்டுபிடிப்பார். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம்.