ரூ.500-க்குள் நல்ல ஹெட்செட் வாங்குவது எப்படி? காதில் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீங்க!

திருப்பூர்:

சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் பழைய பஸ் நிலையம் பக்கம் கூட்டம் அலைமோதும். அங்குள்ள செல்போன் கடைகளில் ஹெட்செட் வியாபாரமும் அப்போதுதான் சூடு பிடிக்கும். பகல் முழுக்க மெஷின் சத்தத்துக்கு நடுவே பாட்டு, ராத்திரி ரூமுக்கு வந்தால் ஊரில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ கால். ஹெட்செட் இல்லாமல் முடியாது என்றாகி விட்டது.

ஆனால் வாங்கிய பத்தே நாளில் ஒரு பக்கம் ஊமையாகி விடுகிறது. இந்த நிருபரும் 150 ரூபாய்க்கு பிளாட்பாரத்தில் ஒன்று வாங்கி ஏமாந்தவர்தான். பெரிய கம்பெனி பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறி இருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனிக்க முடிந்தது!

அட்டையில் அச்சடித்திருப்பதை நம்பி வாங்க வேண்டாம். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று ஏறக்குறைய எல்லா பெட்டியிலும் இருக்கும். மனிதக் காது கேட்கும் அளவே அதுதான். '13 எம்.எம். ஸ்பீக்கர்' என்பதும் அப்படித்தான், பெரிசாக இருந்தால் நல்லாக் கேட்கும் என்று அர்த்தம் இல்லை. 'ஓம்' என்ற இடத்தில் 16 அல்லது 32 என்று இருந்தால் செல்போனுக்கு ஒத்துப்போகும். அது போதும்.

கடைக்காரர் போனில் போட்டுக் காட்டினால் ஒத்துக்காதீங்க. அதில் 'பாஸ் பூஸ்ட்' வைத்திருப்பார்கள், எந்த ஹெட்செட்டும் தூள் கிளப்பும். உங்க போனில், நீங்க நூறு தடவை கேட்ட ஒரு பாட்டை, பாதி சவுண்டில் போடுங்க. இளையராஜா பாட்டு என்றால் ரொம்ப வசதி. பாடுகிறவர் குரலுக்கு அடியில் பாஸ் கிட்டார் தனியாக ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல செட்டில் அது தனியாகக் கேட்கும். மட்டமான செட்டில் 'தொம் தொம்' என்று குரலையே மூடிவிடும். பாட்டில் 'ஸ', 'ச' வரும்போது காதில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தாலும் வேண்டாம். பின்னுக்குப் பக்கத்தில் வயரை லேசாக வளைத்துப் பாருங்க, கரகர என்றால் கீழே வைத்துவிடலாம்.

பாதிப் பேர் கோட்டை விடுவது ரப்பரில்தான். காதுக்குள் போகும் மாடல் என்றால் பெட்டிக்குள் பெரும்பாலும் 3 சைசில் ரப்பர் இருக்கும். அதை யாரும் பிரிப்பதே இல்லை! ரப்பர் லூசாக இருந்தால் பாஸ் எல்லாம் வெளியே போய்விடும், வெளிச் சத்தமும் உள்ளே வரும். உடனே சவுண்டை ஏற்றுவோம். சரியான ரப்பர் போட்டால் 400 ரூபாய் செட்டே ஆயிரம் ரூபாய் செட் மாதிரி கேட்கும். சிலருக்கு இடது காதுக்கு ஒரு சைஸ், வலது காதுக்கு ஒரு சைஸ் தேவைப்படும்.

ஓவர்லாக், பவர்டேபிள் ஓட்டுகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மெஷின் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க முழு சவுண்டில் வைத்தால் காதுக்கு ஆபத்து. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதாவது அரை ஷிப்டு! ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் காதில் 'கொய்ங்' என்று கேட்டால் சவுண்டைக் குறைத்தே ஆக வேண்டும். மறுநாளும் நிற்கவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் காது டாக்டரைப் பாருங்க. உள்காதில் செத்துப்போன நரம்பு செல் திரும்ப முளைக்காது.

வயரா, புளூடூத்தா என்று கேட்டால், 500 ரூபாய்க்குள் வயர்தான் லாபம். அதே காசுக்கு புளூடூத் வாங்கினால் பாதிக் காசு பேட்டரிக்கும் சிப்புக்கும் போய்விடும், பேட்டரி செத்தால் மாற்றவும் வழி கிடையாது. புதுப் போன்கள் பலவற்றில் பழைய உருண்டைப் பின் ஓட்டை இல்லை. அதற்கு டைப்-சி வயர் செட் வாங்கலாம். ஆனால் எல்லா டைப்-சி செட்டும் எல்லாப் போனிலும் பாடாது, கடையிலேயே சொருகிப் பாருங்க. புளூடூத்தான் வேண்டும் என்கிறவர்கள் பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரையும், R- என்று தொடங்கும் நம்பரும் இருக்கிறதா என்று பார்க்கவும். அந்த நம்பரை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

பில் கேட்டு வாங்குங்க. வாரண்டி இருக்கும் செட்டில் ஒரு பக்கம் ஊமையானால் அந்தத் தாளைக் காட்டித்தான் மாற்றித் தரச் சொல்ல முடியும். பில் எழுத்து சீக்கிரமே அழிந்துவிடும் என்பதால், கடையை விட்டு இறங்கும் முன்பே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளவும்.