நீச்சல் வீரரும் மூச்சுக்குழல் ஒடுக்கமும்

தொய்வு நோயுள்ள பிள்ளைகளை நீந்தப் பழக்குமாறு மருத்துவர் கூறுவதுண்டு. அக்கூற்றில் தவறில்லை. எனினும், உயர்மட்டப் போட்டிகளிற் பங்குபற்றும் நீச்சல் வீரரிடையே மூச்சுக்குழல் ஒடுக்கம் ஏனைய பல விளையாட்டு வீரரிடையே காணப்படுவதிலும் மிகுதியாக உள்ளது. முரண்போலத் தோன்றும் இவ்விரு உண்மைகளையும் இங்கு ஆராய்வோம்.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 இலீற்றர் வளியை உள்ளெடுக்கின்றார். கடும் பயிற்சியின்போது பயின்ற வீரரில் இது 100 இலீற்றரையும் தாண்டும். இவ்வளவு வளியையும் ஈரமாக்க மூக்கினால் இயலாது. வாய்வழியே விரையும் வளி மூச்சுக்குழற் சுவரின் ஈரத்தைக் கவர்ந்துகொள்ள, அங்குள்ள கலங்கள் இஸ்டமீன் முதலிய பொருள்களை வெளிவிடுகின்றன. குழலைச் சூழ்ந்த மழமழப்பான தசை சுருங்குகின்றது. பெரும்பாலும் பயிற்சி முடிந்து சில நிமிடங்களில் ஒடுக்கம் உச்சமடைந்து, ஒரு மணித்தியாலத்துள் தணிந்துவிடும்.

தடாகத்தின் மேலுள்ள வளி ஈரமும் இளஞ்சூடும் உடையது. ஆதலால் ஓட்டத்தைவிட நீச்சல் ஒடுக்கத்தைக் குறைவாகவே தூண்டும். மருத்துவரின் அறிவுரைக்கு அடிப்படை இதுவே. ஆனால் அவ்வளியில் ஈரம் மட்டுமா உள்ளது? கிருமிகளை அழிக்கச் சேர்க்கப்படும் குளோரீன், நீந்துவோரின் சிறுநீரிலும் வியர்வையிலுமுள்ள யூரியா முதலியவற்றோடு தாக்கமுற்றுக் குளோரமீன்களைத் தோற்றுவிக்கின்றது. அவற்றுள் நைதரசன் முக்குளோரைட்டு நீரில் தங்காது வளியிற் கலந்து, கண்ணையும் தொண்டையையும் உறுத்துவது. கூரையிட்ட தடாகங்களில் ‘குளோரீன் மணம்’ என நாம் கூறுவது பெரும்பாலும் குளோரமீன்களின் மணமே. மணம் மிகுந்தால் நீர் தூயது என நம்புவோர் பலர்; உண்மை அதற்கு நேர்மாறானது. இவ்வாயு வளியில் கனமீற்றருக்கு 0.5 மில்லிகிராமை மீறலாகாதென உலக சுகாதார தாபனம் 2006 இல் வழிகாட்டியது.

பொழுதுபோக்காக நீந்தும் பிள்ளை வாரத்தில் ஓரிரு மணித்தியாலமே இவ்வளியைச் சுவாசிக்கின்றது. போட்டி வீரரோ வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரையில், அதற்கு மேலுங்கூட, நீர்மட்டத்தை ஒட்டியே ஆழ மூச்செறிந்து, ஆண்டுக்கணக்காகச் சுவாசிக்கின்றார். பின்லாந்தில் 42 நீச்சல் வீரரை ஐந்தாண்டுகள் அவதானித்த ஆய்வொன்று 2002 இல் வெளியாயிற்று. போட்டிப் பயிற்சியைக் கைவிட்டோரில் மூச்சுக்குழல் அழற்சி தணிந்தது. தொடர்ந்தோரிற் சற்று மிகுந்தது. சிறுவயதிலேயே தொய்வுற்றமையால் நீச்சலுக்கு வந்தோரும் வீரரிடையே உளர் என்பது மெய்யே. ஆயினும் அதனால் மட்டும் இம்முடிவை விளக்கிவிட முடியாது.

இருமலையும் இளைப்பையும் ‘பயிற்சியின் களைப்பு’ என ஒதுக்குவது பயிற்றுநரிடையே காணப்படும் வழக்கம். இது ஆபத்தானது. அறிகுறிகளை மட்டும் கொண்டு தீர்மானிப்பதும் பிழைபடலாம். ஏனெனில் மூச்சை உள்ளிழுக்கையில் குரல்வளை ஒடுங்குவதும் இவ்வாறே தோன்றும், அதற்குத் தொய்வு மருந்து பயன்படாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் முதற் செக்கனில் வெளிவிடும் வளியை அளந்து, 10 வீதமேனும் குறைந்துள்ளதா எனப் பார்ப்பதே தக்க வழி.

மருந்தைப் பற்றிய கவனமும் வேண்டும். 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கில், 16 வயதான அமெரிக்கர் ரிக் டிமொண்ட் 400 மீற்றர் சுதந்திரப்பாணி நீச்சலில் நூறிலொரு செக்கனால் முதலிடம் பெற்றார். அவர் உட்கொண்ட தொய்வு மருந்தில் எபெட்றீன் இருந்தமையாற் பதக்கம் பறிக்கப்பட்டது. தாம் உலக சாதனை வைத்திருந்த 1500 மீற்றர் இறுதிப் போட்டியிலும் நீந்த அனுமதிக்கப்படவில்லை. மருந்தை அவர் முறைப்படி அறிவித்திருந்தார் என்பதை அமெரிக்க ஒலிம்பிக் குழு 2001 இல் ஏற்றுக்கொண்டது, பதக்கம் மீளவில்லை. இன்று சல்பியூற்றமோலை உறிஞ்சு மருந்தாக, வரையறுத்த அளவுக்குள், முன்னனுமதியின்றிப் பயன்படுத்தலாம்.

தடாகத்தைப் பொறுத்தவரை பரிகாரம் எளிது: இறங்குமுன் சவர்க்காரமிட்டுக் குளித்தல், தடாகத்துட் சிறுநீர் கழியாமை, நீர்ப்பரப்பை ஒட்டித் தேங்கும் வளியை வெளியேற்றும் காற்றோட்டம்.