சுவரில் வெட்டிய தத்துவம்

கிரேக்கத் தத்துவ ஞானி எபிகியூரஸ் ஏறத்தாழ 300 சுருள்கள் எழுதியதாகப் பழங்குறிப்பு ஒன்று சொல்கிறது. இன்று முழுமையாக மிஞ்சியிருப்பவை மூன்று கடிதங்களும் சில வாசகத் தொகுப்புகளும்தான். பாப்பிரஸ் சுருள் மட்கும், கிழியும். யாராவது உட்கார்ந்து கையால் படியெடுத்துக்கொண்டே இருந்தால்தான் நூல் பிழைக்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த உலகில் அதற்கு எத்தனை பேர் கிடைப்பார்கள்?

எபிகியூரஸுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், டயோஜினிஸ் என்ற செல்வர் வேறு வழி கண்டார். இன்றைய துருக்கியின் தென்மேற்கு மலைப்பகுதியில் இருந்த ஒயினோவாண்டா அவருடைய ஊர். முதுமையும் நோயும் வாட்டிய வேளையில், ஊரின் பொது மண்டபச் சுவர் நெடுக எபிகியூரஸின் தத்துவத்தைக் கல்லில் வெட்டவைத்தார். பொய்யான எண்ணங்களால் மக்கள் கொள்ளை நோய் கண்டவர்களைப்போலத் தவிக்கிறார்கள், அதற்கு மருந்தைப் பொதுவிடத்தில் வைக்கிறேன் என்பது அவர் சொன்ன காரணம். ஊராருக்கு மட்டுமல்ல, வழிப்போக்கரான அயலாருக்கும், இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்தே வெட்டவைத்தார். எவ்வளவு பெரிய மனசு!

மொத்தம் 25,000 சொற்கள் இருந்திருக்கும் என்பது அறிஞர்களின் மதிப்பீடு. பிற்காலத்தில் மண்டபம் இடிந்து, கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. 1884இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முதல் துண்டுகளைக் கண்டார்கள். இதுவரை சுமார் 300 துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பகுதி இன்னும் கிடைக்கவில்லை.