விரலுறையும் சுருதியும்

கடந்த 2025 ஜூலையில் ஆஸி ஆஸ்பர்ன் மறைந்தபோது நான் வாசித்த அஞ்சலிகள் பலவும் அவரது மேடைச் சேட்டைகளையே பேசின. எனக்கோ, பிளாக் சபாத் குழுவில் அவருடன் கிட்டார் வாசித்த டோனி அயோமியின் வலக்கைதான் நினைவுக்கு வந்தது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய அயோமி, 17 வயதில், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி இரு விரல்களின் நுனியை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்த வேண்டிய விரல்கள் அவையே. பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971இல் வெளியான மூன்றாவது இசைத்தொகுப்பின் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது.

முன்னோடிகளிடம் எல்லாமே கலந்திருக்கும். சபாத்திடம் புளூஸ் உண்டு, ஜாஸ் சாயல் உண்டு, மென்மையான பாடல்களும் உண்டு. பின்வந்தோர் அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மிகைப்படுத்தும்போதுதான் ஹெவி மெட்டலில் ஓர் உட்பிரிவு பிறக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்காவின் செயின்ட் வைட்டஸும் சுவீடனின் கேண்டில்மாஸும் சபாத்தின் மந்தகதியைப் பற்றிக்கொண்டன. அது ‘டூம் மெட்டல்’ ஆயிற்று. பெயரும் ஒலியும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்பதில்லை. ‘பிளாக் மெட்டல்’ என்ற பெயர், நியூகாசிலின் வெனம் குழு 1982இல் தன் தொகுப்புக்கு இட்டது. அதற்குத் தனி ஒலியை வடித்தவர்கள் பத்தாண்டுக்குப் பின்வந்த நார்வே இளைஞர்கள்.

வியப்பு என்னவென்றால், மந்தகதியின் தாயகமான பர்மிங்காமே அதிவேகத்தையும் தந்தது. நேபாம் டெத் குழுவின் 1987ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘ஸ்கம்’மில் ஒரு பாடல் இரண்டு வினாடிகூட நீடிப்பதில்லை. ‘கிரைண்ட்கோர்’ வகைக்கு அத்தொகுப்பே அடித்தளம். அதன் முதற்பாதியில் கிட்டார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக், அடுத்த ஆண்டே காட்ஃப்ளெஷ் என்ற குழுவைத் தொடங்கி, டிரம் கலைஞரின் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்தார். ஆலைகளின் நகரில் ஆலையின் தாளமே இசையாயிற்று!

ஆஸி மறைவதற்குப் பதினேழு நாள்களுக்கு முன்பு, அதே நகரின் வில்லா பார்க் திடலில் சபாத்தின் இறுதிக் கச்சேரி நடந்தது. மெட்டாலிகா உள்ளிட்ட பின்வந்த குழுக்கள் முதலில் வாசித்தன. இறுதியில், நிற்க இயலாத ஆஸி அரியணை போன்றதோர் இருக்கையில் அமர்ந்து பாடினார். 77 வயது அயோமி விரலுறைகளுடன் வாசித்தார்.